மாரியில் சைக்கிள் ஓட என்ன உடுப்பது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக்குப் பெருமழை கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசிக் கடைசியில் பிடிக்கிற மழை கார்த்திகை, மார்கழியில் உச்சத்துக்குப் போய், தை பிறந்த பிறகுதான் மெல்லத் தணியும். வேலைக்கும் பள்ளிக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் அந்தக் காலத்தில் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. குளிர்நாடுகளுக்கென்று எழுதப்பட்ட ஆலோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே குளிரோடு போராட்டம். இங்கே மழையோடும் வியர்வையோடும்.

மார்கழி இரவிலும் இங்கே வெப்பநிலை 23, 24 பாகையில்தான் நிற்கிறது. இதற்கெல்லாம் தனி உடுப்பு வேண்டுமா?

உலர்ந்த உடம்புக்கு வேண்டாம். நனைந்த உடம்புக்குத்தான் வேண்டும். சட்டையில் ஊறியிருக்கும் 100 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 240 கிலோயூல் வெப்பம் தேவை. சும்மா இருக்கும் ஒருவரின் உடம்பு அவ்வளவு வெப்பத்தை உண்டாக்க நாற்பது நிமிடம் எடுக்கும். அந்த வெப்பத்தில் பெரும்பங்கை உங்கள் தோல்தான் கொடுக்கிறது. மேலே வாடைக்காற்று, அதோடு நீங்கள் ஓடும் வேகம். மிதிக்கும்போது இது தெரியாது. உட்துறைமுக வீதியில் யாரையோ கண்டு ஐந்து நிமிடம் நின்று கதைத்தால் பல் கிடுகிடுக்கும்.

ஆகவே முழுக்க நனையாமல் இருப்பது இலக்கு அல்ல. நெஞ்சில் காற்றுப் படாமல் மறைப்பதும், போய்ச் சேர்ந்ததும் மாற்றக் காய்ந்த உடுப்பு ஒன்று பையில் இருப்பதும்தான் இலக்கு. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்கும் வழி.

றெயின்கோட் போட்டும் உள்ளே தெப்பமாக நனைகிறேன். கோட் ஒழுகுகிறதா?

பெரும்பாலும் ஒழுகல் இல்லை, உங்கள் வியர்வை. கழற்றியதும் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதுகு, முழங்கை, தோள் எங்கும் ஒரே சீராகப் பனி படர்ந்ததுபோல ஈரம் இருந்தால் அது வியர்வை. தோள் தையல், சிப் ஓரம், கழுத்து என்று கோடுகோடாகவோ திட்டாகவோ இருந்தால் ஒழுகல்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சோதனை. கோட்டின் ஒரு கையை மணிக்கட்டுப் பக்கம் றப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டுங்கள். மேல்பக்கத்தால் அக்குள் தையல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். தையல் துளைகளில் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தால், உட்பக்கம் ஒட்டும் நாடா விட்டுப்போயிருக்கிறது. நைலோன் துணிக்கான பசை பூசினால் சரியாகும். துணி முழுவதும் கசிந்தால் பூச்சு போய்விட்டது. அதற்கு மருந்தில்லை.

வியர்வையை வெளியே விடும் விலை கூடிய ஜக்கெட் வாங்கினால் இது தீருமா?

இந்த ஊரில் அரைகுறையாகத்தான் தீரும். அந்தத் துணிகள் ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான நீராவி அழுத்த வித்தியாசத்தால். வெளியே 8 பாகைக் குளிர் என்றால் அந்த வித்தியாசம் பெரிது. வெளியே 25 பாகையும் 90 சதவீத ஈரப்பதமும் என்றால், தள்ளும் விசை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். நல்ல மழையில் மேல்துணியே ஊறிவிட்டால் மிச்சப் பாதியும் அடைபடும்.

அட்டையில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருப்பது, துணி எத்தனை மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது. அதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சைக்கிளுக்கு அதைவிட முக்கியமானவை அக்குளில் திறப்பு, முதுகில் மடிப்புக்குள் மறைந்த காற்றுத்துளை, இரு பக்கமும் இழுக்கக்கூடிய சிப். திறந்து காற்று விடக்கூடிய மலிவான கோட், மூடியே கிடக்கும் விலை கூடிய கோட்டை இங்கே வென்றுவிடும்.

அப்படியானால் கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் நேராக நின்று அளவு பார்ப்பதுதான் எல்லோரும் விடுகிற பிழை. கோட்டைப் போட்டு, கண்ணாடி முன்னால் இடுப்பை வளைத்து, ஹாண்டிலைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். அப்போதும் கை மணிக்கட்டை மூட வேண்டும். பின்பக்கம் சீற்றில் இருக்கும் இடத்தைத் தாண்டி இறங்க வேண்டும். நின்றபடி பார்க்கும்போது கை 5 செ.மீ. நீளமாகத் தெரிந்தால்தான் ஓடும்போது சரியாக இருக்கும்.

தடித்த பிவிசி கோட்டுக்குப் பெரும்பாலும் ஒட்டுத்தான், தையல் இருக்காது, ஆகவே ஒழுகாது. ஆனால் கனம், புழுக்கம், மடித்த இடத்தில் வெடிப்பு. மெல்லிய நைலோனில் உட்பூச்சுப் போட்டது லேசு, பையில் கைமுட்டி அளவுக்குள் அடங்கும். அதன் எதிரி ஈரத்தோடு சேர்ந்த சூடு: நனைந்தபடி சுருட்டி வைத்தால் இரண்டு மாரிக்குள் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும்.

சிப் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். கடலோரக் காற்றில் உலோகச் சிப் பூத்து, திறக்க வேண்டிய நேரத்தில் இறுகிக்கொள்ளும். ஏற்கெனவே உலோகச் சிப்தான் என்றால் மாதம் ஒருமுறை மெழுகுதிரியால் பல்லில் தேயுங்கள்.

பொன்சோ (தலைவழியே போடும் கையில்லாத மழைப்போர்வை) நல்லதா? காற்று உள்ளே வந்து போகுமே.

நகருக்குள், மெதுவாக, காற்று இல்லாத மழையில் அதைவிட நல்லது இல்லை. கையும் தொடையும் சேர்ந்தே மூடும், வியர்வையும் குறைவு. கடற்கரையோர வீதியில் அது கப்பற்பாய்.

நிலாவெளி வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது வாடை வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். தள்ளினால் வீதியோரம் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று இடப்பக்கத்திலிருந்து. ஒரு வீச்சு வந்து பொன்சோவைப் பிடித்தால் நீங்கள் போவது வீதி நடுவுக்கு, பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால். வேலிகளும் கட்டடங்களும் முடிந்து வெளி திறக்கிற இடங்களில் அந்த வீச்சு சொல்லாமல் வரும். பொன்சோதான் என்றால் உள்ளே இடுப்பில் ஒரு நாடா கட்டி, முன் விளிம்பைப் பெருவிரலில் மாட்ட இரண்டு வளையம் தைத்துக்கொள்ளுங்கள். பின் விளிம்பு கரியரைத் தாண்டி ரயரில் தொடக்கூடாது.

பழைய றெயின்கோட் ஒன்று கிடக்கிறது. அதை ஏதாவது செய்யலாமா?

இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான உடுப்பு அதிலிருந்துதான் வரும்: கையில்லாத காற்றுச்சட்டை. மழையும் காற்றும் சைக்கிள்காரரை முன்னாலிருந்துதான் தாக்குகின்றன. நெஞ்சும் வயிறும் மூடியிருந்தால் கை நனைவது பெரிய விஷயமில்லை.

இரண்டு கையையும் தோள் தையலுக்கு ஒரு விரல் வெளியே வெட்டுங்கள். தையலையே வெட்டினால் தோள் பிரியும். அக்குளுக்குக் கீழே இரு பக்கமும் 12 செ.மீ. பிளவு விடுங்கள். முதுகின் நடுவில், தோளுக்கு ஒரு சாண் கீழே, 20 செ.மீ. குறுக்காக வெட்டி, வெட்டிய துண்டொன்றை மேலே கூரைபோல் தையுங்கள். மேல்விளிம்பில் மட்டும் தையல், கீழ்விளிம்பு திறந்தபடி. நைலோன் என்றால் வெட்டிய ஓரத்தில் ஊதுபத்தி நெருப்பை மெதுவாக ஓட்டினால் நூல் பிரியாது. பிவிசிக்கு நெருப்புக் காட்ட வேண்டாம். அது பிரிவதுமில்லை, புகையும் நஞ்சு. தைத்த துளைகளை உட்பக்கம் பசையால் அடையுங்கள்.

தூறலுக்கும் இடைவிட்ட மழைக்கும் இது போதும். அடைமழைக்கு முழுக்கோட்டுத்தான்.

உள்ளே என்ன போடுவது? பருத்திதானே உடம்புக்கு நல்லது?

வெயிலுக்கு நல்லது. மாரிக்கு ஆகாது. பருத்தி நூல் தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிழிந்த பிறகும் ஏறத்தாழத் தன் எடையளவு தண்ணீர் அதில் நிற்கும். வீட்டுத் தராசில் ஒரு பருத்தி ரீசேட்டையும் ஒரு மெல்லிய பொலியெஸ்டர் விளையாட்டு ரீசேட்டையும் காய்ந்தபடி நிறுத்து, நனைத்துப் பிழிந்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் முதுகில் ஆறப்போகும் தண்ணீர்.

பருத்திப் பெனியனுக்கு மேல் பொலியெஸ்டர் சேட் என்ற ஏற்பாடு எல்லாவற்றிலும் மோசம். ஊறுகிற துணி தோலோடு ஒட்டிக்கிடக்க, காய்கிற துணி வெளியே வீணாகக் காயும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், முழங்காலில் இழுக்கும், தொடை உரசும், அடுத்த நாளும் காயாது. முழங்காலுக்கு மேலே நிற்கும் விளையாட்டுக் காற்சட்டை போட்டு, களிசானைப் பையில் கொண்டுபோங்கள். தோல் நிமிடத்தில் காயும். அதைவிட நல்ல மழையுடுப்பு இல்லை.

பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை?

மூன்று தொல்லை: நனைந்தால் உடம்பு தெரியும், சேறு படும், செயின் எண்ணெய் பிடிக்கும். முதலாவதற்கு, பெண்பிள்ளைகளுக்கு உள்ளே தோல் நிறத்துக்குக் கிட்டிய நிறத்தில் மெல்லிய பொலியெஸ்டர் உள்ளுடுப்பு. வெள்ளைக்குள் வெள்ளை போட்டால்தான் அதிகம் தெரியும். பாதுகாப்பாக இன்னொரு சட்டை பையில் இருக்கட்டும். இரண்டாவதற்கு மட்கார்ட், கீழே பார்க்க. மூன்றாவதற்கு, பழைய ரியூபிலிருந்து இரண்டு விரல் அகல வளையம் வெட்டி வலது கணுக்காலில் போட்டுவிடுங்கள்.

எண்ணெய் பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நனைக்காதீர்கள். காய்ந்த துணியிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். முதலில் தண்ணீர் பட்டால் திரவம் கறையைப் பிடிக்காது.

சாரம், சல்வார், அபாயா உடுத்து ஓடுகிறவர்கள்?

உடுப்பை மாற்றத் தேவையில்லை, தொங்கலை அடக்க வேண்டும். சல்வாரின் ஷோலை றெயின்கோட்டுக்குள்ளே குறுக்காகக் கட்டுங்கள். வெளியே விட்டால் பின்சில்லு இழுக்கும், கழுத்தில் ஆபத்து. அபாயா பெரும்பாலும் பொலியெஸ்டர் என்பதால் சீக்கிரம் காயும். ஆனால் நனைந்த விளிம்பு கனத்து செயின் பக்கம் போகும். உள்ளே நீளக் காற்சட்டை போட்டு, விளிம்பை ஒரு சாண் மடித்து இரு பக்கமும் பெரிய உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கள். செயின் கவரும் பின்சில்லு வலையும் உள்ள சைக்கிள் என்றால் பாதிக் கவலை குறையும். சாரத்தை மடித்துக் கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததே. முடிச்சு மட்டும் முன்னால் இல்லாமல் பக்கத்தில் இருக்கட்டும்.

காலுக்கு?

பின்வார் உள்ள பிளாஸ்டிக் அல்லது றப்பர் சாண்டில்ஸ். வார் இல்லாத செருப்பு நனைந்த பெடலில் வழுக்கும், காலை ஊன்றும் நேரத்தில் கழன்றுவிடும். சப்பாத்தைப் பையில் கொண்டுபோய் அங்கே போடுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் சொக்ஸ், மேலே பொலித்தீன் பை, அதற்கு மேல் சப்பாத்து. பையின் வாயைக் களிசானுக்கு உள்ளே விடுங்கள். வெளியே விட்டால் காலால் வழியும் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் சேரும்.

நனைந்த சப்பாத்துக்குள் பேப்பரைக் கசக்கி அடைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரவு முழுக்க ஒரே பேப்பரை விடுவதில் பயனில்லை. விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள், சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும்.

காலில் வெட்டுக்காயம் இருந்தால் வெள்ளம் நிற்கும் இடத்தில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும் வழி அது. பிறகு காய்ச்சலும் தசைநோவும் வந்தால், வெள்ளத்தில் கால் வைத்ததை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

மட்கார்ட் உடுப்பா என்ன?

உடுப்பைக் காப்பாற்றும் உடுப்பு. மேலிருந்து விழும் மழை சுத்தமானது. ரயர் எறிவதுதான் மணலும் சேறும் எண்ணெயும். பின் மட்கார்ட் இல்லாதவரின் முதுகில் நேர்கோடாக ஒரு சேற்று வரி இருக்கும். முன் மட்கார்ட் குட்டையாக இருந்தால் சப்பாத்து நனைவது மழையால் அல்ல, முன்சில்லால்தான்.

ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானின் தட்டையான பக்கத்திலிருந்து மேலே மட்கார்ட் அகலம், கீழே 14 செ.மீ., உயரம் 15 செ.மீ. என்று ஒரு துண்டு வெட்டுங்கள். முன் மட்கார்ட்டின் கீழ்முனையில் இரண்டு துளையிட்டு, வாஷர் வைத்துச் சிறிய ஆணிநட்டால் இறுக்குங்கள். நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் வேகத்தடையில் கிழியும். பாதத்தின் ஈரம் பாதியாவது குறையும். கம்பெனி மட்கார்ட்டுகளில் இந்த மடல் ஏன் எப்போதும் ஒரு சாண் குறைவாக வருகிறதோ!

தலைக்கும் கண்ணுக்கும்?

கோட்டின் தலைமூடியை மட்டும் நம்பாதீர்கள். தலையைத் திருப்பினால் அது திரும்பாது. பின்னால் வருவதைப் பார்க்கத் திரும்புகிறவருக்குத் தெரிவது துணியின் உட்பக்கம். விளிம்புள்ள தொப்பியைப் போட்டு, அதற்கு மேல் தலைமூடியை இழுத்துக் கட்டினால் இரண்டும் சேர்ந்து திரும்பும், மூக்குக்கண்ணாடியிலும் துளி விழாது. ஹெல்மெட் போடுகிறவர்கள் மெல்லிய தொப்பியை அதற்குள்ளே போடலாம்.

பைக்கு மேல் உறை போட்டும் கொப்பிகள் நனைகின்றன.

உறை மேல்பக்கத்தை மட்டும் காக்கும். முதுகோடு ஒட்டிய பக்கத்தால் தண்ணீர் இறங்கி, உறையின் அடியிலேயே குளமாகும். அடியில் ஒரு சிறு துளை போட்டு விடுங்கள். பைக்குள்ளே தடித்த பொலித்தீன் பையொன்றை வைத்து, பொருளைப் போட்டு, காற்றை நெஞ்சால் அழுத்தி வெளியேற்றி, வாயை மூன்று தரம் சுருட்டிக் கட்டுங்கள். மாற்று உடுப்புக்குத் தனிப் பை, நனைந்ததைக் கொண்டுவர வெறும் பை ஒன்று. கைத்தொலைபேசி மாற்று உடுப்பின் நடுவில்.

கறுப்பு, கடுநீலக் கோட்டுகள்தான் அதிகம் கிடைக்கின்றன. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. மார்கழியில் சூரியன் மாலை ஆறுக்கு முன்னரே மறையும். மழை நாளில் ஐந்தரைக்கே இருட்டு. அந்த நேரத்தில்தான் ரியூசன் விடும், கடை மூடும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் கிடைத்தால் அதையே எடுங்கள். கறுப்புத்தான் இருக்கிறதென்றால் வெளிச்சம் திருப்பும் நாடாவை இரண்டு கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சம் சைக்கிள் என்று சாரதிக்குத் தூரத்திலேயே சொல்லிவிடும். நாடா வெளிச்சம் பட்டால்தான் மினுங்கும், ஆகவே பின் லைற் வேறு வேண்டும். அதைச் சீற்றுக்குக் கீழே பூட்டினால் கோட்டின் வால் மறைக்கும்; கரியரின் பின்முனையில் பூட்டுங்கள்.

திருவெம்பாவைக் காலத்தில் விடியக் கோணேசர் கோவிலுக்குச் சைக்கிளில் போகிறோம். வேட்டி நனையாமல் போக வழி?

பிரெட்றிக் கோட்டை வாசல்வரை சமதரை, அதற்குப் பிறகு ஏற்றம். ஏற்றத்தில்தான் கோட்டுக்குள் வியர்க்கும். வாசலில் நின்று சிப்பை முழுக்கத் திறந்துவிட்டு ஏறுங்கள், தூறல் என்றால் கழற்றியே விடலாம். மேலே நின்றதும் உடனே மூடுங்கள். பாறை முனையில் கடற்காற்று நேரே அடிக்கும். வேட்டியை மடித்துப் பொலித்தீனில் கொண்டுபோய் அங்கே உடுத்துவதுதான் சுத்தம். இறக்கத்தில் மிதிப்பில்லை, சூடு பிறக்காது. நெஞ்சை மூடாமல் இறங்க வேண்டாம். நனைந்த பிரேக் கட்டை பிடிக்கத் தாமதிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இருட்டில் கோட்டைக்குள் மான்கள் வீதியில் படுத்திருக்கும்.

கந்தளாய், நிலாவெளி போன்ற தூரத்துக்கு?

நிலாவெளி பதினைந்து கிலோமீற்றர் அளவு, கந்தளாய் நாற்பது. அரை மணிக்கு மேல் மிதித்தால் எந்தக் கோட்டுக்குள்ளும் நனைவீர்கள். ஆகவே காற்றுச்சட்டையும் பொலியெஸ்டர் ரீசேட்டும் போட்டு நனைய விடுங்கள். முழுக்கோட்டை நிற்கும்போது போடவென்று மேலாக வையுங்கள். தேத்தண்ணிக் கடையில் இறங்கியதும் முதல் வேலை தேத்தண்ணி அல்ல, நனைந்த மேற்சட்டையை மாற்றுவது.

உடுப்புக் காயவே மாட்டேன் என்கிறது, மணக்கிறது.

பிழிந்ததும் காய்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். கை பிழியாத தண்ணீரைத் துவாய் எடுக்கும். பிறகு அறைக்குள் ஃபேன் காற்றில், ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். மணம் ஏறிய பொலியெஸ்டரை, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கப் வினாகிரி விட்டு அரை மணி ஊறவைத்து அலசுங்கள்.

டைக் வீதிப் பக்கம் கடல் தூவானம் பட்ட உடுப்பு எவ்வளவு காயவைத்தாலும் ஈரமாகவே இருப்பதற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையும். மாரியில் அதைத் தாண்டாத நாள் குறைவு. நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசாமல் அது காயாது.

எப்போது சைக்கிளை எடுக்கவே கூடாது?

இடி மின்னல், வீதியின் விளிம்பு தெரியாத வெள்ளம், புயல் எச்சரிக்கை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டது. அப்படியான நாளுக்கு உடுப்பு ஆலோசனை கிடையாது.

மாரி முடிந்ததும் றெயின்கோட்டை எப்படி வைப்பது?

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் இரு பக்கமும் காயவிட்டு, உட்பக்கம் கொஞ்சம் பவுடர் தூவி, மடிக்காமல் கொழுவியில் தொங்கவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழோ அலுமாரி மேலோ வேண்டாம்; கோடைச் சூட்டில் பூச்சு ஒட்டிக்கொள்ளும். புரட்டாசிக் கடைசியில் எடுத்து, கையையும் முதுகையும் பிரித்துப் பாருங்கள். சர்ரென்று சத்தத்தோடு உரிந்து வந்தால், மழை பிடிக்க முன்னர் வேறொன்று வாங்க அப்போது இன்னும் நேரம் இருக்கும்.